வண்டிக்கு ஒரு கொட்டகை

புனே நகரம் தக்காணப் பீடபூமியின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அந்நகரின் ஓரத்தில், பணியின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று வாழ்கிறது. தந்தை, தாய், ஏழாம் வகுப்பில் பயிலும் மகள் ஆகியோருடன் தாத்தாவும் இருக்கிறார். அவர் கோவில்பட்டியை அடுத்த சிற்றூரில் வேளாண்மை செய்தவர். பாட்டி மறைந்த பின், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனிடம் வந்து சேர்ந்தார். மொழி தெரியாத ஊரில் தமக்கு என்ன வேலை என்னும் எண்ணம் அவரை வாட்டியது. வீட்டின் முன்புறம் நிற்கும் வேப்பமரத்தின் அடியில் நாற்காலியிட்டு, பகற்பொழுதைக் கழித்து வந்தார்.

ஒரு நாள் அவ்வீட்டிற்கு மகிழுந்து ஒன்று வந்தது. அதனை நிறுத்துவதற்கு நான்கு சுவரும் கான்கிரீட் கூரையும் இரும்புக் கதவும் கொண்ட அறை கட்டத் தந்தை எண்ணினார். அதற்கு வேப்பமரத்தை வெட்ட வேண்டும். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் எடுத்துச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டார்.

அதைக் கண்ட பேத்தி தந்தையிடம் சென்றாள். "முல்லைக்கொடி படரத் தன் தேரையே தந்தான் பாரி என்று படித்தோமே, அப்பா! நாம் வண்டிக்காக மரத்தை வெட்டலாமா?" என்று கேட்டாள். "வெட்டுவதும் எளிதன்று. இம்மாநிலத்தில் நகர்ப்புற மரங்களைக் காக்க 1975இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அனுமதியின்றி வெட்டக் கூடாது" என்றார் தாய்.

தந்தை சற்று நேரம் சிந்தித்தார். பிறகு, "அப்பா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். புனேக்கு வந்த பிறகு தம்மிடம் ஒருவர் யோசனை கேட்டது அதுவே முதன்முறை. தாத்தா எழுந்து கடப்பாரையை எடுத்தார். மரத்திற்கு அப்பால் ஓரிடத்தில் தோண்டி, மண்ணை அள்ளிக் கையில் பிசைந்து பார்த்தார். "தாயி, இது நம் ஊர்க் கரிசல் போலவே இருக்கிறதே!" என்றார்.

தக்காணத்தின் கரிய பாறைகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி இறுகியதால் தோன்றியவை. அவை சிதைந்து உருவானதே இங்குள்ள கரிசல் மண். கோவில்பட்டிப் பகுதியில் அத்தகைய எரிமலைப் பாறை இல்லை. ஆயினும், இரண்டு மண்ணின் இயல்பும் ஒன்றே. மழையில் நனைந்தால் உப்பும். கோடையில் காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் ஆழமின்றி எழுப்பிய சுவர் விரிசல் காணும். அருகில் பெரிய மரம் இருந்தால், அதன் வேர்கள் நீரை உறிஞ்சுவதால் மண் மேலும் சுருங்கும்.

"ஊரில் நம் மாட்டு வண்டிக்குச் சுவரா கட்டினோம்? பனைமரத் தூண் நட்டு ஓலை வேய்ந்தோம். வெயில் பட்டால் சக்கரத்து மரம் சுருங்கி, இரும்புப் பட்டை கழன்றுவிடும். ஆகவே வண்டிக்கு நிழல்தான் தேவை, அறை தேவையில்லை" என்றார் தாத்தா.

மறுநாள் தரையில் செங்கற்களை வரிசையாக வைத்து, நடுவில் மகிழுந்தை நிறுத்தி, இருபுறக் கதவுகளையும் திறந்து பார்த்தனர். அகலம் 3 மீட்டரும் நீளம் 5.5 மீட்டரும் இருந்தால் போதும் என்று தெரிந்தது. மரத்தை விட்டுச் சற்று விலகினால் அவ்வளவு இடம் கிடைத்தது. இரும்புத் தூண்களுக்கான குழிகளைக் கரிசலைக் கடந்து, கெட்டியான முரம்பு தென்படும் வரை தோண்டுவது என முடிவு செய்தனர். தளத்தில் கரிசலை அகற்றி, முரம்பு நிரப்பி, ஷஹாபாத் கற்களைப் பதிப்பது. நீர் வடியத் தளத்தை வாயில்பக்கம் சரிவாக அமைப்பது என்றும் தீர்மானித்தனர். மண் அசைந்தால், கல்லைப் பெயர்த்து மீண்டும் மட்டமாகப் பதிக்கலாம் அல்லவா?

மழையைத் தடுக்க ஒரு பக்கம் மட்டும் தகடு அடைக்க வேண்டியிருந்தது. தாத்தா வடகிழக்கைக் காட்டினார். அவர் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை அத்திசையிலிருந்தே வரும். பேத்தி சிரித்தாள். "இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழை தரும், தாத்தா. சாரல் மேற்கிலிருந்து அடிக்கும்" என்றாள். "அப்படியானால் மேற்கையே அடைப்போம். மண்ணை நான் அறிவேன், மழையை நீ அறிந்திருக்கிறாய்" என்றார் தாத்தா.

மாநகராட்சியின் ஒப்புதல் பெற்று, கோடை முடிவதற்குள் கொட்டகையைக் கட்டி முடித்தனர். ஜூன் மாதத்து முதல் மழையில் மகிழுந்து நனையவில்லை. சாரல் படாத ஓரத்தில் தாத்தாவின் நாற்காலியும் இருந்தது. எதிரே வேப்பமரம் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

மழை ஓய்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். தம் வீட்டிலும் ஒரு கொட்டகை போட வேண்டும் என்றும், பெரியவர் வந்து இடத்தைப் பார்க்க இயலுமா என்றும் மராத்தியில் கேட்டார். பேத்தி அதைத் தமிழில் சொன்னாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு தாத்தா முன்னே நடந்தார். அவர் சொல்வதை மராத்தியில் எடுத்துரைக்கப் பேத்தி பின்னே சென்றாள்.