சத்தம் வரும் திசையில் மூன்று நாட்கள்

சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயம் பார்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது. வேகத்தின் ருசியும் விலையும் மூன்று நாளும் அங்கேயே கிடந்தால்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளின் ஊர்வலம் தொடங்கிவிடுகிறது. நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. வந்ததும் இருங்காட்டுக்கோட்டை. பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது 1998 முதல் கார்களைத் தயாரித்துத் தள்ளும் ஹூண்டாய் தொழிற்சாலைதான். சற்றுத் தள்ளி ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் அவதரித்த தலம். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி உயிரிழந்த இடம். யாத்ரீகர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் தொழிலதிபர்களுக்கும் இங்கே வர ஆளுக்கொரு காரணம் இருக்கிறது.

மோட்டார் பந்தய ரசிகருக்கு இருக்கும் காரணம் வேறு. நெடுஞ்சாலையிலிருந்து விலகி உள்ளே திரும்பியதும் அவர் வண்டியின் கண்ணாடியை இறக்குகிறார். லாரி ஹாரன்களுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்கிறது. அறுந்து போகும் அளவுக்கு இழுபட்டு, சட்டென்று இரண்டு படி இறங்கி, மீண்டும் ஏறும் சத்தம். பயிற்சி ஓட்டம் தொடங்கிவிட்டது. அவர் தாமதமாக வந்திருக்கிறார்.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமான இந்தப் பந்தயத் தளம் 1990-ல் திறக்கப்பட்டது. சுற்றளவு 3.717 கி.மீ., வளைவுகள் 12. இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். ஆனால் பழைய ரசிகர்களுக்கு இன்னமும் இது வெறும் 'டிராக்'தான். இந்தியாவில் பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்ட நிரந்தரத் தளங்களில் மூத்தது இது. சனி, ஞாயிறுகளில் கார்களும் பைக்குகளும் தேசிய சாம்பியன் பட்டத்துக்காக மோதும்போது இந்தத் தளத்துக்கு உயிர் வருகிறது.

முதல் முறை வருபவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து, பரிசளிப்பைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். தேர்ந்த ரசிகர் வெள்ளிக்கிழமையே வருகிறார். கையில் தொப்பி, தண்ணீர், காதில் வைக்கப் பஞ்சு, கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச். வெயிலைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு தனி அழகு உண்டு. அன்று யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகைகளில் மெக்கானிக்குகள் தரையில் மல்லாந்து கிடக்கிறார்கள். அதிகாரிகள் ஒவ்வொரு வாகனத்தையும் எடை போட்டு, பிரேக், சீட் பெல்ட், ஹெல்மெட் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை ஒட்டுகிறார்கள். அந்த முத்திரை இல்லாத வண்டி தளத்தில் இறங்க முடியாது. மகனையோ மகளையோ பந்தயத்துக்கு அழைத்து வந்திருக்கும் பெற்றோர் கையில் டிபன் கேரியருடன் நிற்கிறார்கள். மைதானத்தில் ஆடும் கிரிக்கெட் வீரரை இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது. இங்கே ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எந்த வளைவில் வண்டி வழுக்குகிறது என்று மெக்கானிக்கிடம் கையை ஆட்டி விளக்குவதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கலாம்.

இந்த நெருக்கம் பழைய சொத்து. அது வந்த இடம் சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில் இருக்கும் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட கிளப் அதைப் பந்தயத் தளமாக்கிக்கொண்டது. கல்கத்தாவுக்கு பாரக்பூர், பம்பாய்க்கு ஜூஹு, சென்னைக்கு சோழவரம் என்று இந்திய மோட்டார் பந்தயமே விமானங்கள் விட்டுப்போன ஓடுதளங்களில் வளர்ந்ததுதான். ராஜ குடும்பத்தினரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுக் கார்களோடு வந்தார்கள். சாராயத் தொழிலதிபர் விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் அங்கேதான். ஆனால் கூட்டம் திரண்டது அவர்களுக்காக மட்டுமல்ல. உள்ளூர் ஒர்க் ஷாப்பில் பிரித்துக் கோத்த அம்பாசடரும் ஃபியட்டும் பெரிய கார்களைத் துரத்துவதைப் பார்க்க மக்கள் சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பாவின் தோளில் ஏறி சோழவரம் பார்த்த சிறுவர்கள் இன்று இருங்காட்டுக்கோட்டையில் நரைத்த தலையோடு நிற்கிறார்கள்.

சனிக்கிழமை: கடிகாரத்தின் நாள்

சனிக்கிழமை தகுதிச் சுற்று. ஞாயிறன்று யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை இது முடிவு செய்கிறது. ஒவ்வொருவரும் கடிகாரத்தோடு தனியாக மோதும் நாள் இது. ரசிகரின் ஸ்டாப் வாட்ச்சுக்கும் இன்றுதான் வேலை.

கணக்கு எளிது. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 50 மீட்டர் கடக்கிறது. பத்தில் ஒரு வினாடி என்றால் 5 மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்துக்கும் அதிகம். கண் இமைப்பதற்குள் ஒருவர் முன்னால், இன்னொருவர் பின்னால். அந்தப் பத்தில் ஒரு பங்கு நேர்ச்சாலையில் கிடைப்பதில்லை. அங்கே எல்லோரும் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். வளைவுக்கு முன்னால் பிரேக்கை எவ்வளவு தாமதமாக மிதிப்பது என்பதில்தான் அது ஒளிந்திருக்கிறது. ஆகவே அனுபவசாலி நேர்ச்சாலை ஓரத்தில் நிற்பதில்லை. ஒரே வளைவின் எதிரே மூன்று நாளும் நிற்கிறார். வெள்ளியன்று எங்கே இன்ஜின் சத்தம் இறங்கியது, சனியன்று எங்கே இறங்குகிறது என்று காதாலேயே அளக்கிறார். நேற்றைவிட ஐந்தடி தள்ளிச் சத்தம் இறங்கினால், இரவு யாரோ தூங்காமல் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரே மாதிரியான கார்கள் மோதும் பிரிவுகளில் இந்த வித்தியாசம் இன்னும் நுட்பமானது. எல்ஜிபி ஃபார்முலா 1300 போன்ற பந்தயங்களில் எல்லோருக்கும் ஒரே வகை வண்டிதான். பணம் அதிகம் வைத்திருப்பவர் பெரிய இன்ஜின் வாங்கிவிட முடியாது. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்து வழி செய்கிறது. அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருபவருக்குக் காற்றுத் தடை குறைவு. கடைசி நொடியில் விலகி முந்தலாம். அதனால் ஐந்தாறு கார்கள் ரயில் பெட்டிகள்போல் கோத்துக்கொண்டு வரும் காட்சி இங்கே சாதாரணம்.

இந்தச் சமத்துவத்துக்குப் பின்னால் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். எஸ். கரிவர்தன் பந்தய ஓட்டுநர், கார் வடிவமைப்பாளரும்கூட. மாருதி 800 காரின் இன்ஜினை வைத்து, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பிரிவு, வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கும் கதவைத் திறந்தது. 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூர் என்று அப்போது அழைக்கப்பட்ட இதே தளத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டிய அவர், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். 2010-ல் இரண்டாமவராகப் போனவர் சென்னையின் கருண் சந்தோக். கிளப்பை நிறுவியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன். வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. எம்ஆர்எஃப் சாலஞ்ச் தொடருக்காக 2017-ல் இங்கே ஓட்டிய மிக் ஷூமாக்கர், நான்கு ஆண்டுகளில் அப்பாவின் வழியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். 2019-ல் அதே தொடரின் பட்டத்தை இங்கே வென்று சென்றவர் பிரிட்டனின் ஜேமி சாட்விக் என்ற பெண். இன்று கம்பி வேலிக்கு அப்பால் ஓடும் பெயர் தெரியாத பையன் நாளை யாராவானோ? ரசிகர் பயிற்சி ஓட்டத்தைக்கூட விடாமல் பார்ப்பதற்கு இந்த ஆசையும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை: கொடிகளின் மொழி

ஞாயிறன்று கூட்டம் வருகிறது. கல்லூரி மாணவர்கள் பைக்குகளில் கும்பலாக வருகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமாக இருந்தால் எல்லோரும் ஒரு கண்ணை வானத்தின் மீது வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் வழவழ டயரைக் கழற்றி வரி போட்ட டயர் மாட்ட வேண்டும். எப்போது மாற்றுவது என்பதிலேயே பந்தயம் கைமாறிவிடும்.

சிவப்பு விளக்குகள் அணைந்ததும் இருபது இன்ஜின்கள் ஒன்றாகக் கத்துகின்றன. சத்தம் காதில் மட்டும் கேட்பதில்லை. விலா எலும்பில் இறங்குகிறது. முதல் வளைவில் எல்லோருக்கும் இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் போகிறார்கள்.

புதியவர் கார்களைப் பார்க்கிறார். பழகியவர் கொடிகளைப் பார்க்கிறார். ஒவ்வொரு வளைவிலும் மார்ஷல்கள் எனப்படும் தொண்டர்கள் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிடு. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரை வழுக்கும். சிவப்பு என்றால் பந்தயம் நின்றது. வண்டி ஓரத்தில் புரண்டால் முதலில் ஓடுபவர்கள் இவர்கள்தான். இவர்களை வைத்துத்தான் பந்தயமே நடக்கிறது. இவர்கள் பெயரை யாரும் கைதட்டி அழைப்பதில்லை.

சிவப்புக் கொடி தூக்கும் நொடியில் மைதானம் மௌனமாகிறது. அந்த மௌனத்தை இருங்காட்டுக்கோட்டை ரசிகர்கள் 2023-ல் இரண்டு முறை அனுபவித்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 8 அன்று கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ. குமார், 59 வயது, விபத்தில் உயிரிழந்தார். பல ஆண்டுகளாக இதே தளத்தில் எல்லோருக்கும் தெரிந்த முகம். ஏழு மாதங்கள் கழித்து ஆகஸ்ட் 5 அன்று பைக் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்த வார இறுதியின் மற்றப் பந்தயங்கள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டன.

13 வயதில் ஒரு பையன் அவ்வளவு வேகத்தில் போகலாமா என்று நாடெங்கும் கேட்டார்கள். பந்தயம் தெரிந்தவர்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: உலகமெங்கும் சாம்பியன்கள் அந்த வயதில்தான் தொடங்குகிறார்கள். பதில் உண்மைதான். ஆனால் டிபன் கேரியரோடு நிற்கும் பெற்றோரை வெள்ளிக்கிழமை பார்த்திருக்கும் ரசிகருக்கு அது போதவில்லை. வேகத்தை ரசிப்பவனுக்கும் அந்த விபத்தில் ஒரு பங்கு உண்டா என்ற கேள்வி அவரோடு வீட்டுக்குப் போனது. சிலர் அதற்குப் பிறகு வரவில்லை. வந்தவர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். பந்தயம் தொடங்குமுன் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று கண் தேடுகிறது. காயம்பட்டவரை ஏற்றிக்கொண்டு அது வெளியே போனால், மாற்று வண்டி வரும்வரை அடுத்த பந்தயம் தொடங்கக் கூடாது என்பது விதி. முன்பு அந்தக் காத்திருப்பு எரிச்சலூட்டியது. இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை.

மூன்று நாள் ரசிகருக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அது ஒரு விபத்து. இவருக்கு அது நேற்று பத்தடி தூரத்தில் வியர்வை துடைத்த முகம்.

பிரமாண்டம் வேறு இடங்களில் இருந்தது. டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் 5.125 கி.மீ. நீளத்தில் புத் சர்வதேசப் பந்தயத் தளம் கட்டப்பட்டு, 2011 அக்டோபரில் ஃபார்முலா ஒன் இந்தியாவுக்கு வந்தது. பயிற்சியின்போது தளத்தில் நாய் ஒன்று புகுந்து உலகச் செய்தியானது. 2011, 2012, 2013 என்று மூன்று முறையும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். வரி விவகாரங்கள் முற்றி, அதோடு சரி. சென்னையிலேயே 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. நகரச் சாலைகளில் ஃபார்முலா 4 கார்கள் இரவு விளக்கொளியில் ஓடின. ஓட்டல் மாடியிலிருந்தும் மேம்பாலத்திலிருந்தும் மக்கள் எட்டிப் பார்த்தார்கள். அதுவும் திருவிழாதான். ஆனால் திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை அன்றாட வழிபாடு நடக்கும் சிறு கோயில் மாதிரி. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி அடிக்கிறது.

மாலை ஐந்து மணிக்குக் கடைசிப் பந்தயம் முடிகிறது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி இறங்குகிறது. கோப்பைகள் கைமாறுகின்றன, தோற்றவர்களின் கார்கள் முதலில் லாரியில் ஏறுகின்றன. மார்ஷல்கள் கொடிகளைச் சுருட்டி அடுக்குகிறார்கள். மஞ்சள் கொடி வெயிலில் வெளுத்திருக்கிறது.

ரசிகர் நெடுஞ்சாலைக்கு வந்து சேர்கிறார். எதிர்த்திசையில் ஒரு டிராக்டர் விளக்கில்லாமல் வருகிறது. ஹெல்மெட் இல்லாத மூன்று பேரோடு ஒரு பைக் இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழைந்து முந்திப் போகிறது. இங்கே கொடி காட்ட யாரும் இல்லை. அவர் வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாகவே பூந்தமல்லி வரைக்கும் வருகிறார்.