விளக்கெண்ணெய்ப் பயறு

மேல்விஷாரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் எப்போதும் இரண்டு வாசனைகள் கலந்திருக்கும். ஒன்று பக்கத்துத் தோல் மண்டியின் உப்பு வாடை, இன்னொன்று நன்னிமா துவரையில் பிசறி வைக்கும் விளக்கெண்ணெய்.

"பயறு மினுமினுன்னு இருக்கணும்டா, கையில ஒட்டக் கூடாது" என்பார்.

பயறு வண்டு தன் முட்டையை விதையின் மேல்தோலில்தான் ஒட்டுகிறது. எண்ணெய்ப் படலம் அதற்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடும். கிலோவுக்கு ஐந்து மில்லி போல இருந்தாலே போதும். அரிசியில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் பூசி மூடிவிடும். போதாததற்கு எண்ணெய் பட்ட அரிசி சிக்கு நாற்றம் அடிக்கும்.

ஒரு வருஷம் அரிசி மூட்டையில் வண்டு வந்தது. யாரோ சொன்னார்கள் என்று அத்தா இரண்டு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைத் துணியில் முடிந்து மூட்டைக்குள் வைத்தார். காற்றின் ஈரம் பட்டாலே அது பாஸ்பீன் வாயுவாகும். நாங்கள் படுத்திருந்தது அடுத்த அறையில். விடிவதற்குள் தம்பி வாந்தி எடுக்க ஆரம்பித்தான். நன்னிமாதான் கதவுகளைத் திறந்துபோட்டு எல்லாரையும் தெருவுக்கு இழுத்து வந்தார். தம்பி பிழைத்தான். அத்தா அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை.

பல வருஷம் கழித்து, சென்னையில் ஓர் இரவுப் பணியின் நடுவே, நல்லெண்ணெய் பற்றிப் படித்தேன். பைரித்ரம் என்பது சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பூச்சிமருந்து. அதனுடன் நல்லெண்ணெய் சேர்த்தால் வீரியம் கூடுகிறது என்று 1940இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். எள்ளிலுள்ள செசமின் போன்ற பொருட்கள் பூச்சியின் உடலில் நஞ்சை முறிக்கும் நொதிகளை முடக்கிவிடுகின்றன. காவல் மென்பொருளை நிறுத்திவிட்டு உள்ளே நுழைவதுபோல. அதனால் குறைந்த மருந்தே போதும். பின்னாளில் சசாப்ராஸ் எண்ணெயின் சாஃப்ரோலிலிருந்து பிப்பரோனைல் பியூடாக்சைடு செய்தார்கள். பைரித்ரத்தோடு அது தானியக் கிடங்குகளுக்கும் போனது.

'நன்னிமாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது' என்று எழுதக் கை துறுதுறுத்தது. அது பொய். அவர் பூசியது விளக்கெண்ணெய், மருந்தே கலக்காமல். அது வேறு வேலை.

போன மாதம் அத்தாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப எண்ணெயில கொஞ்சம் மருந்து கலந்து வெச்சிருந்தா?"

"வீட்ல வேணாம் அத்தா. அதெல்லாம் கிடங்குல அளந்து செய்யுற வேலை."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உன் தம்பிகிட்ட எப்பவாவது கேட்டியா? அந்த ராத்திரி அவனுக்கு ஞாபகம் இருக்கா?"