அறுகுக்கு எத்தனை புள்ளி?

எங்கட ஊர் மைதானத்தில புல் போட்டது நாங்கள் ஏழு பேர். வரலாறு, புவியியல், தமிழ் என்று கலைப்பீடத்தில படிக்கிற ஆக்கள். புல்லைப் பற்றி ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் காசு எங்கட கையில வந்தது. ஊர்ச்சனமும் வெளிநாட்டில இருக்கிற ஊராக்களும் சேர்த்துத் தந்த காசு. மைதானத்தில பாதிக்குத்தான் அது காணும்.

மைதானத்தைப் பார்க்கிற ஐயா அப்பவே சொன்னவர், "உதுக்கு ஏன் தம்பியவை காசு? குளக்கட்டில அறுகு கிடக்கு. பிடுங்கி நட்டால் தானாப் படரும்." நாங்கள் கேட்கேல்லை. பிள்ளையாருக்கு வைக்கிற புல்லில கிரிக்கெட் விளையாடுறதோ என்று சிரிச்சோம். துண்டு துண்டாக விற்கிற மலேசியன் புல்லை வாங்கிப் பதிச்சோம். மிச்சப் பாதியில ஐயா தன்ர பாட்டுக்கு அறுகை நட்டார்.

இரண்டு மாதம் எங்கட பக்கம் படத்தில வாற மாதிரி இருந்தது. ஐப்பசி மழை தொடங்கினதும் வட்டம் வட்டமாகக் கருகத் தொடங்கிச்சு. விடியப் போய்ப் பார்த்தால் வட்டத்தின் விளிம்பில சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல். கார்த்திகைக்குள்ள கால்வாசி போயிட்டுது. அறுகுப் பக்கம் பச்சையாகவே இருந்தது. காசு தந்தவை ஒருத்தரும் எங்களை ஏசேல்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

விவசாய பீடத்தில படிக்கிற நண்பனுக்குப் படம் அனுப்பினோம். றைசொக்டோனியா மாதிரி இருக்கு, ஆய்வுகூடத்தில பார்க்காமல் உறுதியாகச் சொல்லேலாது என்றான். நெல்லில மடல் வெளிறலைக் கொண்டுவாற பங்கசும் றைசொக்டோனியா சொலானிதான். எங்கட அப்பாமார் வயலில சண்டை பிடிக்கிற ஆளை நாங்கள் மைதானத்தில யூரியா போட்டு வளர்த்திருக்கிறம்.

"அப்ப ஐயா சொன்னது சரி, அறுகுதான் நோய் தாங்கும்" என்றோம்.

"யூரியா எத்தனை தரம் போட்டனீங்கள்?"

மலேசியன் புல்லுக்கு மூன்று தரம். அறுகுக்கு இல்லை.

"தண்ணி?"

எங்கட பக்கத்துக்கு ஒவ்வொரு நாளும் விளையாடி முடிய, ஆறரை மணிக்கு. அறுகுக்கு மழை மட்டும்.

"பிறகெப்படி மச்சான் புல்லை ஒப்பிடுறது?" என்றான்.

நைதரசன் கூடின புல்லும் இரவு முழுக்க ஈரமாயிருக்கிற இலையும் இந்தப் பங்கசுக்கு விருந்து. டொலர் ஸ்பொட் என்ற பங்கசு நோய் நேரெதிர். நைதரசன் காணாத புல்லைத்தான் அது தேடிப் பிடிக்கும். எனவே "நோய் தாங்கும் புல்" என்று வெறுமனே சொல்லேலாது, எந்த நோயை என்று கேட்கவேணும். அறுகும் சாகாவரம் வாங்கிவந்த புல் இல்லை. அமெரிக்காவில அதுக்குப் பெயர் பெர்முடா கிராஸ். குளிர் கூடின மாநிலங்களில ஸ்பிரிங் டெட் ஸ்பொட் என்ற பங்கசு நோய் அதை வட்டம் வட்டமாகக் கொல்லுது. அதைத் தாங்கிற வகைகளைத் தேடி ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில வருஷக்கணக்காக வேலை செய்யினம்.

அங்க புல் வகைகளை ஒப்பிடுறதுக்கென்றே ஒரு தேசியத் திட்டம் இருக்கு. மேரிலாண்ட் மாநிலத்துப் பெல்ட்ஸ்வில்லில அதன் தலைமையகம். ஒவ்வொரு வகையையும் பல துண்டுகளில, பல மாநிலங்களில நட்டு, 1இலிருந்து 9வரை புள்ளி போடினம். 9 என்றால் நோயே இல்லை. அந்தப் புள்ளியைக் கண்ணால பார்த்துத்தான் போடினம் என்று அறிஞ்சபோது கலைப்பீடத்துக்காரருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அட்டவணையின் அடியில ஓர் எண் இருக்கும். இரண்டு வகைக்கும் இடையிலான வித்தியாசம் அதைவிடக் குறைவென்றால், ஒன்றை மற்றதைவிடத் திறம் என்று சொல்லக்கூடாது. எங்கட ஊரில எத்தனையோ வாக்குவாதத்துக்கு அடியில அப்படி ஓர் எண் தேவை.

இப்ப கருகின இடத்துக்குப் பக்கத்தில ஆறு துண்டு வெட்டியிருக்கிறம். மூன்றில அறுகு, மூன்றில மலேசியன். எது எங்க என்று சீட்டுக் குலுக்கிப் போட்டது. ஒரே அளவு யூரியா, ஒரே அளவு தண்ணி. நோய் வராவிட்டால் எல்லாத்துக்கும் 9 போடவேண்டி வரும், ஒன்றும் தெரியவராது. அதனால, மைதானம் நல்லாயிருக்கவேணும் என்று காசு வாங்கின நாங்களே இப்ப நோய் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறம். இதை இன்னும் ஊரில சொல்லேல்லை.

போன கிழமை ஐயாவிடமும் கொப்பியைக் குடுத்துப் புள்ளி போடச் சொன்னோம். துண்டுப் பக்கம் திரும்பியும் பாராமல் அறுகு மூன்றுக்கும் 9 போட்டார். அதைச் சேர்க்கிறதோ விடுறதோ என்று எங்களுக்குள்ள இன்னும் இழுபறி.