பனிக்கட்டியில் உட்கார ஒரு பூட்ஸ்

கியூபெக்கில் சேந்த்-ஆன்-து-லா-பெராத் என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் அதன்மேல் சிறு குடில்களை நிறுத்தி, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். குடிலுக்குள் அடுப்பு உண்டு. திறந்த ஏரியில் உட்காருபவர்களுக்கோ காலில் உள்ள ரப்பர் பூட்ஸ்தான் துணை. பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும் நம் புதுச்சேரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெட்டியில் பிரெஞ்சில் 'எம்பெர்மெயாப்ல்' என்று மட்டும் இருந்தால், தண்ணீர் புகாது என்றுதான் பொருள். குளிர் தாங்க வேண்டுமானால் 'இஸோலே' என்ற சொல்லும் வேண்டும். 'மைனஸ் 40' போன்ற எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். நடப்பவருக்குப் போதுமான பூட்ஸ், அசையாமல் உட்காருபவருக்குப் போதாது.

வேட்டைக்கு நடப்பவர் இலேசானதை வாங்கலாம். கனமானது கால் வியர்க்க வைக்கும். ரப்பர் அந்த வியர்வையை வெளியே விடாது. ஈரம் பிறகு குளிராக மாறும். மீன் பிடிக்க உட்காருபவருக்கு அடிப்பாகம் தடிமனாகவும், கம்பளி உள்ளுறை கழற்றி உலர்த்தக் கூடியதாகவும் இருக்க வேண்டும். தடித்த காலுறை போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல்கள் அசைய இடம் வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது, சூடும் தங்காது.

நம் வயதில் முக்கியமானது இன்னொன்று. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் குளிர் ஏறுவதே தெரியாது. அவர்கள் காலுறையைக் கழற்றி, விரல்கள் வெளுத்திருக்கின்றனவா என்று அவ்வப்போது கண்ணால் பார்க்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்ஸும் அந்த வேலையைச் செய்யாது.