ஷாங்காயில் ஒரு சமையலறை

என் கணவரின் ஆபீஸ் வேலையாக ஷாங்காய் போயிருந்தோம். பளபளவென்ற கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே, மாடாங் சாலையில், ஒரு பழைய செங்கல் வீடு. வாசலில் கொரியர்கள் கூட்டம். "அந்தக் காலத்துல கொரியா சர்க்கார் இங்கேதாம்மா இருந்துச்சு" என்றாள் என் பெண். சீனாவில் கொரியா சர்க்காரா என்று உள்ளே நுழைந்தேன்.

1910-ல் ஜப்பான் கொரியாவை விழுங்கிவிட்டது. 1919-ல், நாட்டை விட்டு வந்த தலைவர்கள் ஷாங்காயில் பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த பகுதியில் தற்காலிக அரசு அமைத்தார்கள். ஜப்பான் போலீஸ் அங்கே இஷ்டத்துக்குப் புக முடியாது! 1926 முதல் 1932 வரை இந்த வீட்டில் இருந்தார்கள்.

மாடியில் தலைவர் கிம் கூவின் மேஜை, நாற்காலி. எனக்கோ கீழே இருந்த சின்னச் சமையலறையை விட்டு நகர மனசு வரவில்லை.

கிம் கூவின் தாயார் குவாக் நாக்வோன் அம்மாள். இந்த வீட்டுக்கு முந்தைய காலம் அது. 1924-ல் மருமகள் இறந்துபோக, பேரக்குழந்தையை வளர்க்கும் பொறுப்பும் அவர் தலையில். ராத்திரியில், காய்கறிக்காரர்கள் குப்பையில் எறிந்த கோஸ் இலைகளைப் பொறுக்கி வந்து, உப்பில் ஊறப் போட்டு, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பாராம். மேல் இலை நாலைந்தை யோசிக்காமல் பிய்த்தெறிகிறவள் நான்.

1932 ஏப்ரல் 29. யுன் போங்-கில், 23 வயதுப் பிள்ளை, தன் புதுக் கடிகாரத்தைக் கிம் கூவிடம் கொடுத்து, அவருடைய பழசை வாங்கிக்கொண்டான். தனக்கு இனி ஒரு மணி நேரம்தான் தேவை என்றானாம். ஹோங்கியூ பூங்காவில் ஜப்பானியர் விழாவில் தண்ணீர்க் குப்பி போன்ற குண்டை வீசினான். ஜப்பானியத் தளபதி ஷிரகாவா அதில் பட்ட காயத்தால் இறந்தார். டிசம்பரில் யுன்னைச் சுட்டுக் கொன்றார்கள். ஊரில் அவனுக்கு மனைவியும் பிள்ளைகளும். குண்டு என்றாலே நடுங்குகிறவள் நான். அந்தப் பெண்ணை நினைத்துத்தான் அழுதேன்.

அதன்பின் ஷாங்காயில் இருக்க முடியுமா? ஊர் ஊராக ஓட்டம். நான்கிங்கில் தாயாரின் பிறந்தநாளுக்குத் தோழர்கள் பணம் சேர்த்தார்கள். பிடித்ததைத் தானே சமைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பணமாகவே வாங்கிக்கொண்டார் அம்மாள். கைக்காசும் போட்டு இரண்டு கைத்துப்பாக்கி வாங்கி அவர்களிடமே கொடுத்துவிட்டார்!

1939-ல் சுங்கிங்கில் காலமானார். மறு வருஷம் அதே ஊரில் கொரிய விடுதலைப் படை உருவாயிற்று. அதில் சிலர் 1943-ல் நம் இந்தியாவுக்கு வந்து, பர்மா போர்முனையில் பிரிட்டிஷாருக்கு உதவியிருக்கிறார்கள்.

சாயங்காலம் மார்க்கெட்டில் கோஸ் வாங்கினேன். கடைக்காரி மேல் இலையைப் பிய்க்கப் போனாள். பாஷை தெரியாது, கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன்.