கிரீடத்துக்காக மறுபடி வரும் ஊர், விக்ஸ்பர்க்!

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன நகரம் விக்ஸ்பர்க். கரையில் நின்று கீழே பார்த்தால் பழுப்பு நிறத் தண்ணீர் அசைவில்லாமல் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் 'இதுதான் மிசிசிப்பி ஆறு' என்று சொல்லிக்கொண்டே செல்ஃபி எடுப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். ஏனென்றால் அது மிசிசிப்பி இல்லை, யாசூ!

1876-ல் மிசிசிப்பி ஆறு தன் வளைவைத் தானே அறுத்துக்கொண்டு வேறு வழியில் போய்விட்டது. படகுகளை நம்பிப் பிழைத்த ஊரின் வாசலில் சேறுதான் மிச்சம். கால் நூற்றாண்டுக்கும் மேல் அப்படியே கிடந்தது. 1903-ல் ராணுவப் பொறியாளர்கள் பக்கத்தில் ஓடிய யாசூ ஆற்றைத் திருப்பி, பழைய தடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அசல் மிசிசிப்பியைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் தெற்கே, பெரிய பாலங்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

20 ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இந்த ஊருக்கு ஒவ்வொரு கோடையிலும் மாநிலம் முழுவதிலும் இருந்து இளம்பெண்கள் வந்து இறங்குகிறார்கள். கார் டிக்கிகளில் உறை போட்ட கவுன்கள், ஹீல்ஸ் பெட்டிகள், இஸ்திரிப் பெட்டி, பாதுகாப்பு ஊசிகள். சில கார்களில் மட்டும் கூடுதலாக ஒரு நீளமான பை. அதற்குள் இருப்பவை பேட்டன்கள்.

'மிஸ் மிசிசிப்பி' அழகிப் போட்டி 1958-ல் இருந்து விக்ஸ்பர்க்கில்தான் நடக்கிறது. வந்த வேகத்திலேயே ஊருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இங்கே ஜெயித்துப் போன மேரி ஆன் மோப்லி 1959-ம் ஆண்டுக்கான 'மிஸ் அமெரிக்கா' ஆனார். அடுத்த ஆண்டே லிண்டா லீ மீட். இரண்டு பேரும் மிசிசிப்பி பல்கலைக்கழக மாணவிகள். மோப்லி பிறகு எல்விஸ் பிரெஸ்லியோடு படங்களில்கூட நடித்தார். 1980-க்கு ஷெரில் ப்ரீவிட், 1986-க்கு சூசன் ஏகின் என்று மேலும் இரண்டு தேசியக் கிரீடங்கள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்று என்று எப்போதும் பேசப்படும் மிசிசிப்பிக்கு இது சாதாரணப் பெருமை இல்லை. கிரிக்கெட்டில் சொந்த ஊர்ப் பையன் இந்திய அணிக்குப் போன மாதிரி!

அழகிப் போட்டி என்றதும் முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். 1945-ல் இருந்து மிஸ் அமெரிக்கா அமைப்பின் பரிசு கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. அந்த ஆண்டு வென்ற பெஸ் மையர்சனுக்கு 5,000 டாலர் கொடுத்தார்கள். அதன் பிறகு மாநிலப் போட்டிகளும் அதே வழிக்கு வந்தன. அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம் எப்படி மூச்சு முட்டும் என்பது பிள்ளைகளை அங்கே அனுப்பிய பெற்றோருக்குத் தெரியும். மேடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் மனசுக்குள் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம்.

சரி, பேட்டனுக்கு வருவோம். நம்மூரில் பேட்டன் என்றால் தொடர் ஓட்டத்தில் கைமாற்றும் கட்டைதான் நினைவுக்கு வரும். இது வேறு. பளபளக்கும் மெல்லிய எஃகுக் குழாய், இரண்டு முனையிலும் வெள்ளை ரப்பர். பெரிய முனைக்கு 'பால்', சின்ன முனைக்கு 'டிப்' என்று பெயர். அவரவர் கை நீளத்துக்கு ஏற்ற அளவில் வாங்க வேண்டும். பேண்டு வாத்தியக் குழுவுக்கு முன்னால் பெரிய தடியோடு நடந்து போகும் 'டிரம் மேஜர்' தெரியுமல்லவா, அந்தத் தடி சின்னதாகி, லேசாகி, பள்ளி கல்லூரிப் பெண்களின் கைக்கு வந்ததுதான் இது. விரல்களுக்கிடையே உருட்டுவது, முழங்கை மேல் பிடிக்காமலே புரள விடுவது, கழுத்தைச் சுற்றி ஓட விடுவது, உயரே எறிந்துவிட்டு உடம்பைச் சுழற்றி முதுகுக்குப் பின்னால் பிடிப்பது என்று இதில் பாடங்கள் ஏராளம். ஐந்தாறு வயதில் ஆரம்பிக்கும் குழந்தைகள் அதிகம். உதடு வெடிக்கும், நகம் உடையும், நெற்றி புடைக்கும். அம்மாக்கள் ஐஸ் பையோடு காத்திருப்பார்கள்.

மிசிசிப்பிக்கும் பேட்டனுக்கும் பழைய உறவு. மாநிலத்தின் வடக்கே, ஆக்ஸ்ஃபோர்டு என்ற கல்லூரி ஊரில், 'ஓல் மிஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் கோடைதோறும் பேட்டன் பயிற்சி முகாம் நடந்துவந்தது. டெர்ரி சதர்ன் என்ற எழுத்தாளர் அங்கே போய் எழுதிய கட்டுரை 1963-ல் 'எஸ்குவயர்' பத்திரிகையில் வந்தது. கதை எழுதுவது போலவே செய்தி எழுதும் புதுப் பாணிக்கு அந்தக் கட்டுரையை முன்னோடி என்று டாம் வுல்ஃப் கொண்டாடினார். ஒரு பேட்டன் முகாம், அமெரிக்கப் பத்திரிகை வரலாற்றில் இடம் பிடித்துவிட்டது!

ஆனால் அந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. அதே வளாகத்தில், 1962 செப்டம்பர் 30 அன்று இரவு பெரும் கலவரம். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேரக்கூடாது என்று ஆரம்பித்தது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் மெரிடித் சேர்ந்தார். மாநில அழகிக் கிரீடமும் வெகுகாலம் வெள்ளையர் தலையிலேயே இருந்தது. 1987-ல் டோனி சீரைட் வென்றபோதுதான் ஒரு கறுப்பினப் பெண் முதல்முறையாக மிஸ் மிசிசிப்பி ஆனார்.

இன்னொரு சுவாரசியம். விக்ஸ்பர்க்கில் இருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார் பயணத்தில் தலைநகர் ஜாக்சன். கறுப்பின மாணவர்களுக்காக உருவான ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அதன் பேண்டு குழுப் பெண்கள், 'எங்களுக்கு இந்தக் கோல் வேண்டாம்' என்று பேட்டனைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலத்து சோல் இசைக்கு ஆட ஆரம்பித்தார்கள். 'ஜே-செட்ஸ்' என்ற அந்த நடனக் குழுவின் பாணி இன்று அமெரிக்கா முழுவதும் பிரபலம். கோலைப் பிடித்தவர்களுக்கும் கோலை விட்டவர்களுக்கும் ஒரே மாநிலம்தான் தாய்வீடு.

விக்ஸ்பர்க் மேடையின் விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் பேட்டன் பெண்ணின் பாடு புரியும். மாநிலப் போட்டிக்கு நேரே வர முடியாது. முதலில் ஏதாவது ஓர் ஊர், கல்லூரி அல்லது வட்டாரப் பட்டத்தை ஜெயிக்க வேண்டும். மாநிலத்தில் தோற்றால் அந்தப் பட்டம் அத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டு வர விரும்பினால் வேறொரு வட்டாரப் பட்டத்துக்கு முதலில் இருந்து போட்டியிட வேண்டும். அதனால்தான் போன ஆண்டு ஒரு ஊரின் பெயர் தாங்கிய ஸாஷோடு நின்ற பெண், இந்த ஆண்டு வேறு ஊர்ப் பெயரோடு நிற்பாள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அதற்கு மேலும் வருபவர்கள் இங்கே சகஜம். பார்வையாளர்களும் முகத்தை ஞாபகம் வைத்திருந்து கைதட்டுவார்கள். வயது வரம்பு ஒன்று இருப்பதால், சிலருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்பது அரங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

திறமைச் சுற்றுக்குக் கிடைப்பது 90 விநாடி. பாடுகிறவளுக்கு ஒரு சுரம் தப்பினால் இசை தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும். பியானோ வாசிப்பவளின் விரல் தவறினால் அடுத்த வரியில் சமாளித்துவிடலாம். பேட்டன் விழுந்தால்? எஃகு தரையில் மோதும் சத்தம் கடைசி வரிசைக் குழந்தைக்கும் கேட்கும். அது உருண்டு ஓடினால் பின்னாலேயே போய் எடுக்க வேண்டும், அதுவும் சிரித்துக்கொண்டே! இவ்வளவு ஆபத்தைத் தலையில் சுமந்துகொண்டு வரும் கலையைத்தான் 'இதெல்லாம் ஒரு திறமையா' என்று நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கிண்டல் செய்கிறார்கள். 2000-ல் வந்த 'மிஸ் கன்ஜீனியாலிட்டி' படத்தில்கூட பேட்டன் சுழற்றும் பெண் ஒரு அப்பாவிதான். சிரிக்க வைத்தாலும், அந்தப் படம் அவள் பக்கம்தான் நின்றது.

தோற்றுவிட்டு மறுபடி தயாராகும் பேட்டன் பெண்ணுக்கு முதல் கவலை கூரை. கொஞ்சம் கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். கைக்கு மேலே 20 அடி உயரம் எறிந்தால் பேட்டன் திரும்பி வர இரண்டு விநாடிக்குச் சற்று மேல் ஆகும். 10 அடிதான் எறிய முடியும் என்றால் ஒன்றரை விநாடி. அந்த நேரத்துக்குள்தான் உடம்பைச் சுழற்றி, கையை நீட்டி, முகத்தில் சிரிப்பை வைத்து முடிக்க வேண்டும். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று சுற்று சுற்றிப் பழகியவளுக்கு, மேலே விளக்குச் சட்டங்கள் தொங்கும் மேடையில் இரண்டு சுற்றே சொந்தம். அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றி அமைக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். ஸ்பாட் லைட்டை நோக்கி எறிந்த பேட்டன் ஒரு கணம் கண்ணுக்கே தெரியாது. எங்கே இறங்கும் என்பதைக் கை சொல்ல வேண்டும், கண் சொல்லாது. வியர்வை இன்னொரு எதிரி. மிசிசிப்பியின் ஜூன் மாதம் நம் சென்னைக்குச் சவால் விடும், புழுக்கம் அப்படி. ஈரக் கையில் குரோம் பூச்சு வழுக்கும். அதனால் பிடிக்கும் இடத்தில் டேப் சுற்றிக்கொள்பவர்களும் உண்டு. வெளியே மைதானத்தில் பழகலாம் என்றால் காற்று எறிதலைத் தள்ளிவிடும். விடியற்காலையில் பழகுவதே உத்தமம்.

ஆனால் இரண்டாம் முறை வருபவளுக்கு இதையெல்லாம்விடக் கடினம் ஒன்று உண்டு. நடுவர்களின் நேர்காணல். கதவு சாத்திய அறையில், எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்பார்கள்: பள்ளிக்கூட நிதி, கிராமத்து மருத்துவமனை, இன்றைய அரசியல். மூன்று பேட்டனை ஒரே நேரத்தில் சுழற்றத் தெரிந்தாலும் இங்கே உதவாது. போன முறை கோல் விழுந்ததால் தோற்றோமா, பதில் விழாததால் தோற்றோமா என்ற கேள்விக்குப் பல பெண்களுக்கு உறுதியான விடை கிடைப்பதில்லை. அதனால் இந்தப் பக்கம் செய்தித்தாள், அந்தப் பக்கம் பேட்டன் என்று நாள் ஓடும். நடுவில் வேலையோ படிப்போ வேறு!

போட்டி வாரத்தில் அரங்கத்தை விட்டு வெளியே வந்தால் ஊரிலும் பார்க்க நிறைய இருக்கிறது. உள்நாட்டுப் போரில் 1863-ல் 47 நாள் முற்றுகையைத் தாங்கிய ஊர் இது. குண்டுகளுக்குப் பயந்து மக்கள் மண்மேட்டைக் குடைந்து குகைகளில் வாழ்ந்தார்கள். உணவு தீர்ந்து கோவேறு கழுதை இறைச்சி சாப்பிட்டார்கள். காகிதம் தீர்ந்ததால் உள்ளூர் நாளிதழைச் சுவரில் ஒட்டும் பூக்காகிதத்தின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். ஜூலை 4 அன்று சரணடைந்தார்கள். நாடே சுதந்திர தினம் கொண்டாடும் அந்தத் தேதி, இந்த ஊரில் பலருக்கு வெகுகாலம் கசந்தது.

போர் நடந்த மேடு முழுக்க இப்போது தேசியப் பூங்கா. 1,300-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள். 1862-ல் யாசூ ஆற்றில் மூழ்கி, நூறு ஆண்டு கழித்து வெளியே எடுக்கப்பட்ட 'கெய்ரோ' என்ற இரும்புக் கவசக் கப்பலும் அங்கேதான் நிற்கிறது. குழந்தைகளை அழைத்துப்போனால் அந்தக் கப்பலை விட்டு நகர மாட்டார்கள்.

வாஷிங்டன் தெருவில் இன்னொரு ஆச்சரியம். 1894-ல் ஜோசப் பீடன்ஹார்ன் என்ற மிட்டாய்க் கடைக்காரர், அதுவரை கிளாஸில் ஊற்றிக் கொடுக்கப்பட்ட கோகோ கோலாவை முதன்முதலாக பாட்டிலில் அடைத்தது இங்கேதான். கடை இப்போது அருங்காட்சியகம். பசித்தால் கெளுத்தி மீன் வறுவல் கிடைக்கும். சோள மாவில் காரமான இறைச்சியைப் பொதிந்து வேகவைத்த டமாலேவும் இந்தப் பக்கத்து விசேஷம்.

போக நினைப்பவர்கள் ஜாக்சன் விமான நிலையத்தில் இறங்கி, நெடுஞ்சாலை 20-ல் மேற்கே வர வேண்டும். புதன், வியாழன், வெள்ளி மூன்று இரவுகளும் முதற்கட்டச் சுற்றுகள், சனிக்கிழமை இறுதிப் போட்டி என்பது வழக்கம். சனிக்கிழமை இரவுக்குத்தான் கூட்டம் அலைமோதும். பேட்டனைப் பார்க்க விரும்பினால் முதற்கட்ட இரவுகளிலேயே போய்விடுவது நல்லது, சனிக்கிழமை மேடைக்கு எல்லோரும் வந்துவிடுவதில்லை. பேட்டனோடு ஒரு பெண் மேடைக்கு வந்தால், வீடியோ எடுக்கிறேன் என்று போனைத் தூக்க வேண்டாம். பேட்டன் உயரே போகும்போது திரைக்குள் அது அடங்காது.