இரண்டாவது திறப்பு

சாவி என்ற சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. இந்தியாவில் அதுவே வழக்கு. நாம் மட்டும் ‘திறப்பு’ என்கிறோம். பூட்டுவதற்கும் அதே பொருள்தான் உதவுகிறது. ஆனாலும் நமது மூத்தோர் பூட்டுவதை விட்டுவிட்டுத் திறப்பதையே அதற்குப் பெயராக வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய சுசுகி வேகன் ஆர் கார் இருக்கிறது. வாப்பா ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சேமித்த பணத்தில் அவர் வாங்கிய ஒரே வாகனம் அது. ஜப்பானில் ஓடி இங்கே வந்த கார்கள் பலவற்றைப் போல அதுவும் ஒரேயொரு திறப்போடுதான் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருப்பதைப் பேணிக் காப்பதே எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. டயர், பற்றரி எல்லாவற்றையும் கவனித்த வாப்பா, சட்டைப் பையில் கிடந்த திறப்பை மட்டும் கவனிக்கவில்லை.

அதன் ரப்பர் பொத்தான்கள் தேய்ந்து கிழிந்திருந்தன. வளையம் கோர்க்கும் காது உடைந்து போயிருந்தது. இரண்டு பாதிகளும் பிரிந்துவிடாமல் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். பூட்டும் பொத்தானை நான்கைந்து தடவை அழுத்தினால் ஒரு தடவை வேலை செய்யும்.

ஒரு நாள் வாப்பா ஒரு மையித்து வீட்டுக்காக பஸ்ஸில் வெளியூர் போயிருந்தார். திறப்பு வழக்கம்போல அவருடைய பையிலேயே போய்விட்டது. இரவு இஷாவுக்குப் பிறகு உம்மும்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. வாசலில் கார் நிற்கிறது. உம்மாவிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. ஆனால் திறப்பு இல்லை. அடுத்த தெருவுக்கு ஓடி ஓட்டோக்காரரை எழுப்பிக் கொண்டுவர இருபது நிமிடங்களாயின. அல்ஹம்துலில்லாஹ், ஆஸ்பத்திரியில் புகை மருந்து பிடித்ததும் உம்மும்மா சுகமானார். அந்த இருபது நிமிடங்களில் உம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அனுமதிப்பத்திரம் எடுத்துப் பன்னிரண்டு வருடங்களாகியும் உம்மா அந்தக் காரை ஓட்டியது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். திறப்பு ஒன்று, அது வாப்பாவின் பையில் வாழ்ந்தது.

மறுநாளே வாப்பா விசாரிக்கப் போனார். ஒரு பெரிய நிறுவனத்தில் புதிய திறப்புக்குச் சொன்ன விலை அவருடைய ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல். கட்டாரில் இருக்கும் நாநா தொலைபேசியில், “சும்மா ஒரு திறப்புத்தானே வாப்பா, நான் சல்லி அனுப்புறேன், புதுசு எடுங்க” என்றார். நாநாவின் சல்லி எப்படிப்பட்ட வெயிலில் உழைத்தது என்பது வாப்பாவுக்குத் தெரியும். “பொறு மகன், முதல்ல இதுக்கு என்ன வருத்தமெண்டு பாப்பம்” என்று சொல்லித் திறப்பை என் கையில் தந்தார்.

பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு இது நல்ல பாடம். திறப்புக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: வெளிக்கூடு, மின்சுற்றுப் பலகை, நாணய வடிவப் பற்றரி. எது பழுது என்று அறியாமல் முழுவதையும் மாற்றுவதால்தான் செலவு கூடுகிறது.

முதலில் பற்றரி. எங்களுடையதில் சிஆர்2032 என்று எழுதியிருந்தது. அந்த இலக்கங்களே அதன் அளவைச் சொல்கின்றன: விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். மின்னழுத்தம் 3 வோல்ற்று. காருக்குப் பக்கத்தில் போனால்தான் கதவு திறக்கிறது என்றால் பெரும்பாலும் பற்றரி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மாற்றுவது மிகச் சிறிய செலவு. பழைய பற்றரியைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டவிடக் கூடாது. விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்திற்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

புதிய பற்றரி போட்டும் பூட்டும் பொத்தான் சரிவரவில்லை. கூட்டின் விளிம்பில் துணி சுற்றிய தட்டைத் திருப்புளியை வைத்து மெதுவாகத் திறந்தேன். பலகையில் ஒவ்வொரு பொத்தானுக்குக் கீழும் ஒரு சின்னஞ்சிறு சுவிட்சு. மற்றவை ‘டிக்’ என்று அழுந்த, அதொன்று மட்டும் சத்தமின்றி அமுங்கியது. கைத்தொலைபேசி திருத்தும் கடைத் தம்பி அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றாசு பிடித்துத் தந்தார். வாப்பா கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், அதே வடிவத்தில் ஒரு வெறுங்கூடு வாங்கி வந்தார். பலகையைப் புதுக்கூட்டில் பொருத்தினோம். திறப்பு புத்தம் புதிதாகிவிட்டது. மடக்குத் திறப்பு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப் கூட்டின் மூலையில் தனியாக ஒட்டியிருக்கும். பழைய கூட்டோடு அதை எறிந்துவிட்டால் கதவு திறக்கும், இயந்திரம் இயங்காது.

அந்தச் சிப்பின் வேலை விசித்திரமானது. அதற்குப் பற்றரியே தேவையில்லை. காரிலுள்ள கம்பிச் சுருள் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி பெற்று, “நான் இன்னார்” என்று பதில் சொல்கிறது. கார் அதை அடையாளம் கண்டால்தான் இயந்திரம் உயிர்பெறும். பொத்தான் அழுத்திக் கிளப்பும் கார்களில் திறப்பின் பற்றரி வழியில் இறந்துவிட்டாலும் பயப்படத் தேவையில்லை. திறப்புக்குள் ஒளிந்திருக்கும் உலோகத் திறப்பால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி திறப்பை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலான கார்கள் கிளம்பும். இதை வீட்டில் எல்லோரும் ஒரு தடவை செய்து பார்த்து வைத்திருப்பது நல்லது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பழுது பார்ப்பதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கும் காலத்தில் இதை நினைவூட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

திருத்திய திறப்போடு வாப்பா நிறுத்திவிடப் பார்த்தார். “இனிப் பத்து வருசத்துக்குப் போதும்” என்றார். உம்மா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, “திறப்பு நல்லாகிட்டுது. அண்டைக்கு ராவு இது நல்லா இருந்திருந்தாலும் உங்கட பைக்குள்ளதானே இருந்திருக்கும்?” என்று கேட்டார். வாப்பாவிடம் பதில் இல்லை.

இரண்டாவது திறப்பு செய்ய ஏற்ற காலம் முதலாவது உயிரோடு இருக்கும் காலம்தான். உள்ள ஒன்றும் தொலைந்துவிட்டால், காரின் கணினியை வெறுமையிலிருந்து மீளப் பதிய வேண்டும். அதற்குச் செலவு பல மடங்கு. வாங்கும் திறப்பு மாதிரிக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. ஜப்பானுக்குச் செய்த கார்கள் பெரும்பாலும் 315 மெகாஹேட்ஸ் அளவிலும், ஐரோப்பாவுக்குச் செய்தவை 433 மெகாஹேட்ஸ் அளவிலும் பேசுகின்றன. பாவித்த திறப்புகளில் சில முதல் காரோடு பிணைந்திருக்கும்; வேறு காரில் பதியாது. ஆகவே பதிந்து, பூட்டித் திறந்து, இயந்திரத்தைக் கிளப்பிப் பார்த்த பிறகே பணம் என்று பேசிக்கொண்டோம். மொத்தச் செலவு நிறுவனம் கேட்டதில் மூன்றிலொன்றுக்கும் குறைவு.

பதியும்போது வாப்பாவும் நானும் காரை விட்டு நகரவில்லை. முடிந்ததும், காரில் எத்தனை திறப்புகள் பதிவாகியிருக்கின்றன என்று கருவியின் திரையில் காட்டச் சொன்னோம். இரண்டு என்று வந்தது. அந்தச் சகோதரர் கோபித்துக்கொள்ளவில்லை. “எல்லாரும் இப்படிக் கேக்கோணும்” என்றார்.

திறப்பு ஓர் அமானிதம். மக்கா வெற்றியின் போது கஃபாவின் திறப்பை நபியவர்கள் உஸ்மான் இப்னு தல்ஹா (ரழி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இன்றும் அது பனூ ஷைபா குடும்பத்திடமே இருக்கிறது. யாரிடம் திறப்பு இருக்க வேண்டுமோ அவரிடம் அது போய்ச் சேர வேண்டும் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல என்னால் முடியாது.

புதிய திறப்பை வாப்பா சுவரிலுள்ள ஆணியில் மாட்டப் போனார். உம்மா கையை நீட்டினார். இப்போது அது உம்மாவின் கைப்பையில் இருக்கிறது. மாதாந்தக் கிளினிக்குக்கு உம்மும்மாவை உம்மாவே காரில் கூட்டிக்கொண்டு போகிறார்.